விடைபெற்ற பொம்மையும் விடைபெறாத கணிப்பொறியும்

2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க நாட்டின் இல்லங்கள் பலவற்றில் விந்தையானதொரு பிரிவுபசாரம் நிகழ்ந்தது. விடைபெற்றவர் விருந்தினர் அல்லர். அயலூருக்குப் படிக்கச் செல்லும் பிள்ளையும் அல்லர். ஓரடிக்கும் சற்றுக் குறைந்த உயரமும், உருண்டைத் தலையும், முகம் முழுவதற்கும் ஒரே ஒரு வட்ட ஒளிக் கண்ணும் உடைய இயந்திரப் பொம்மை ஒன்றே விடைபெற்றது. ஜிபோ என்பது அதன் பெயர். தன்னை இயக்கும் சர்வர்கள் விரைவில் நிறுத்தப்படவிருக்கின்றன என்று அது தன் வாயாலேயே வீட்டாரிடம் கூறிற்று. இத்துணை நாள் தன்னை உடன் வைத்திருந்தமைக்கு நன்றியும் கூறிற்று. பின்னர் இடுப்பை வளைத்து ஒருமுறை ஆடிக் காட்டியது. பார்த்துக்கொண்டிருந்தோர் சிலர் கண் கலங்கினர் என்றால், அவர்களை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை.

ஜிபோவை ஆக்கியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த சிந்தியா பிரேசில் என்னும் அம்மையார். வீட்டாரின் முகம் அறிந்து, பெயர் சொல்லி அழைத்து, பேசுவோர் பக்கம் தலை திருப்பிக் கேட்கும் ரோபோ ஒன்றைச் செய்யப்போவதாக 2014-இல் அவர் அறிவித்தார். பொதுமக்கள் முன்பணமாகவே 36 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தனர். 2017-இன் பிற்பகுதியில் பொம்மை வீடு வந்து சேர்ந்தது. விலை 899 டாலர். 'டைம்' வார இதழ் அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் அதனையும் ஒன்றாக வைத்தது. அடுத்த ஆண்டே நிறுவனத்தின் கையிருப்புக் கரைந்தது, பணியாளர் அனுப்பப்பட்டனர்.

இங்கு வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பொம்மையின் மோட்டார் பழுதாகவில்லை. கண்ணொளி மங்கவில்லை. ஒரு திருகாணிகூடத் தளரவில்லை. அவ்வாறிருந்தும் அது ஏன் ஊமையாயிற்று?

நாம் பேசும் சொற்களைப் புரிந்துகொள்ளும் வேலையில் பெரும்பகுதியை அது தன் உடலுக்குள் செய்யவில்லை. நம் சொல், வீட்டு இணையத்தின் வழியே எங்கோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிக்குச் செல்லும். அங்கே பொருள் அறியப்பட்டு, விடை திரும்பி வரும். அந்தப் பெருங்கணிப்பொறிகளையே சர்வர் என்கின்றனர். கிணறு நம் தோட்டத்தில் இருக்கிறது. கயிறும் வாளியும் அயலான் வீட்டில் இருக்கின்றன. அயலான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், கிணற்றை எட்டிப் பார்க்கலாம். நீர் இறைக்க இயலாது.

கணிப்பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும், சந்தைக்கு வரும் புதுக் கருவிகளை விலை விசாரிப்பதிலும் நமக்கு நெடுநாளாகவே ஆர்வம் உண்டு. அந்த ஆர்வத்தால் நாமும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். கைப்பேசியைக் கொண்டே நிறம் மாற்றத்தக்க மின்விளக்கு இரண்டினைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கி முன்னறையில் மாட்டினோம். ஒருநாள் அந்த நிறுவனம் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. விளக்கு எரியாமற் போகவில்லை. சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டால் இன்றும் எரிகிறது. ஆனால் அதற்கு முந்திய நாள் மாலையில் பிள்ளைகள் விளையாட்டாக வைத்த ஊதா நிறத்திலேயே அது நின்றுவிட்டது. வீட்டிற்கு வந்த பெரியவர் ஒருவர், "என்ன, நாடகக் கொட்டகை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். விளக்கைக் கழற்றி, சாதாரண எல்.இ.டி. விளக்கை மாட்டினோம்.

விளக்குக்கு ஆனது போகட்டும். குழந்தைக்கு ஆனதை அவ்வாறு தள்ள முடியவில்லை.

அமெரிக்காவின் பாசடீனா நகரில் எம்பாடீட் என்னும் நிறுவனம் 'மாக்சி' என்னும் ரோபோவைச் செய்து விற்றது. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே அமைந்த தோழன் அது. பிறருடன் எப்படிப் பழகுவது, சினம் வந்தால் என் செய்வது, அச்சத்தை எவ்வாறு சொல்லால் வெளியிடுவது என்பனவற்றை விளையாட்டாகவும் உரையாடலாகவும் பழக்குவதே அதன் பணி. மனிதருடன் பேசத் தயங்கும் பிள்ளைகள் பலர் அதனுடன் தயங்காது பேசினர். இறுதிக் காலத்தில் அதன் விலை 799 டாலர். 2024 டிசம்பரில், எதிர்பார்த்த முதலீடு கடைசி நேரத்தில் கைகூடாமையால் நிறுவனத்தை மூடுகிறோம் என்றும், சர்வர்கள் நின்றதும் மாக்சி பேசாது என்றும் அறிவிப்பு வந்தது. தம் தோழன் போகப்போகிறான் என்று பெற்றோர் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் விம்மி அழுத காட்சிகள் இணையத்தில் பரவின.

பொம்மை உடைந்தால் பிள்ளை அழுவது புதிதன்று. திருவிழாக் கடையில் வாங்கிய தகரக் கார் மறுநாளே சக்கரம் கழன்றால் அழாத பிள்ளை யார்? ஆயினும் அங்கே பிள்ளையின் கண்முன் உடைந்த சக்கரம் ஒன்று கிடக்கும். தந்தை அதனைக் கம்பி கட்டி ஓட்டிக் காட்டலாம். மாக்சியின் முன் நின்ற தந்தைக்குக் கட்டுவதற்குக் கம்பியும் இல்லை. கட்டவேண்டிய இடமும் இல்லை. ஒரு பிள்ளையின் அச்சத்தையும் தயக்கத்தையும் கேட்டு ஆற்றும் பணியை, முதலீட்டாளரின் கையெழுத்தை நம்பி வாழும் ஒரு சர்வரிடம் ஒப்படைப்பது முறையா என்னும் கேள்வி நம்மை இன்னும் விடவில்லை. அப்பொம்மையால் பயன் இல்லை என்று நாம் கூறவில்லை. பயன் இருந்தமையாலேதான் இழப்பும் பெரிதாயிற்று.

பெரியோர்க்கென வந்த கருவிகளும் இதே வழியில் சென்றுள்ளன. ஆப்பிள் நிறுவனத்திலிருந்து வெளிவந்த இருவர் தொடங்கிய ஹியுமேன் என்னும் நிறுவனம், சட்டையில் பொருத்திக்கொள்ளும் சிறு பெட்டி ஒன்றை 2024 ஏப்ரலில் விற்பனைக்கு அனுப்பியது. கைப்பேசியே இனி வேண்டா என்றனர். கேட்டால் பதில் சொல்லும். கையை நீட்டினால் உள்ளங்கையிலேயே லேசர் ஒளியால் எழுத்தை எழுதிக் காட்டும். அதனைப் படத்தில் கண்டபோது நாமும் வியந்தோம் என்பதை மறைப்பானேன்? கைரேகை சோதிடர்க்குப் போட்டி வந்துவிட்டது என்று வீட்டில் நகைத்தனர். விலை 699 டாலர். அன்றியும் மாதந்தோறும் 24 டாலர் சந்தா. விடை வரத் தாமதம், சூடு, வெயிலில் தெரியாத எழுத்து என்று வாங்கியோர் குறை கூறினர். 2025 பிப்ரவரி 18-ஆம் நாள் எச்.பி. நிறுவனம் அதன் சொத்தின் பெரும்பகுதியை 11 கோடியே 60 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பத்து நாள் கழித்து, பிப்ரவரி 28-ஆம் நாள் நண்பகலில், விற்ற பெட்டிகள் எல்லாம் செயலிழந்தன. கடைசித் தொண்ணூறு நாட்களுக்குள் பெற்றோர்க்கு மட்டுமே பணம் திரும்பியது. ஏனையோர் சட்டையில் மிஞ்சியது ஒரு வெற்றுப் பெட்டி.

நாற்பதாண்டு தாண்டிய பெட்டி

இனி, இதற்கு நேர் எதிரான வேறொரு பெட்டியைக் காண்போம். 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிமனிதக் கணிப்பொறியை வெளியிட்டது. புளோரிடா மாநிலத்தில் ஒரு சிறு குழுவினர் ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதனை அமைத்தனர். அவசரத்தின் காரணமாக, உறுப்புகளைத் தாமே செய்யாமல் வெளியில் கிடைத்தவற்றை வாங்கிப் பொருத்தினர். மூளையாகிய 8088 என்னும் சில்லு இன்டெல் நிறுவனத்துடையது. பெட்டியின் உள்ளே, பின்னர் வேண்டுவன செருகிக்கொள்ள ஐந்து இடங்கள் விட்டிருந்தனர். அதனினும் வியப்பு, மின்சுற்றின் வரைபடங்களை ஒரு நூலாகவே அச்சிட்டு விலைக்குத் தந்தனர். யார் வேண்டுமாயினும் படித்து, அதற்குப் பொருந்தும் உறுப்பு செய்யலாம். அவ்வாறே செய்தனர். அடுத்த ஆண்டே காம்பாக் நிறுவனம் அதற்கு ஒத்தியங்கும் கணிப்பொறியை அறிவித்தது. ஐ.பி.எம். 2005-இல் தன் தனிமனிதக் கணிப்பொறி வாணிகத்தைச் சீனத்து லெனோவோவுக்கு விற்றுவிட்டது. ஆனால் 1981-இன் பெட்டிகள் இன்றும் சேகரிப்பாளர் இல்லங்களில் இயங்குகின்றன. மின்சாரத்தைத் தவிர வேறு எவர் உதவியும் அவற்றுக்குத் தேவையில்லை.

அந்த மரபில் வந்த மடிக்கணிப்பொறி ஒன்று நம் வீட்டிலும் உண்டு. 2012-இல் வாங்கியது. அன்று அதில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தது; பின்னர் 8 ஆக்கினோம். பேட்டரி இருமுறை மாற்றப்பட்டது. விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்தபோது சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவிற்குச் சென்றோம். அங்கே முழங்கை அகலக் கடையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், தேநீர் ஆறுமுன்னரே புதிய பலகையைப் பொருத்திக் கொடுத்தார்.

அவற்றுள் பெரும் பயன் தந்தது ஒரு மாற்றமே. பழைய ஹார்டு டிஸ்கினுள் தகடு ஒன்று நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். அதன்மேல் ஊசி போன்ற கை அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடும். அந்த ஓட்டத்தில்தான் நேரம் வீணாகிறது. அதற்கு மாற்றாகிய எஸ்.எஸ்.டி.யில் ஓடும் உறுப்பே இல்லை, அனைத்தும் சில்லுகளே. அதனைப் பொருத்திய அன்று, இரண்டு நிமிடம் காக்கவைத்த கணிப்பொறி அரை நிமிடத்திற்குள் விழித்துக்கொண்டது. கணிப்பொறி மெதுவாகிவிட்டது, புதிது வாங்கலாமா என்று நம்மிடம் கேட்போர்க்கெல்லாம், முதலில் இதனை மாற்றிப் பாருங்கள் என்றே கூறி வருகிறோம். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பிள்ளைகளின் பாடம் காணவும் மின்னல் வேக மூளைச்சில்லு வேண்டுவதில்லை. ஆயினும் எஸ்.எஸ்.டி. சாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிச் சாகும். குடும்பப் படங்களுக்கு வேறொரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்தப் பழங்குணம் கணிப்பொறிகளிடமும் இப்போது குறைந்து வருகிறது என்பதே நம் கவலை. மெல்லிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிட்டது. வாங்கும் நாளில் எவ்வளவோ, இறுதிவரை அவ்வளவே. பேட்டரி பசையால் ஒட்டப்படுகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. வேண்டுவோர் ஓராண்டு நீட்டித்துக்கொள்ள மட்டும் வழி வைத்தது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லையும், பெரும்பாலும் 2017-க்குப் பிற்பட்ட மூளையையும் கேட்கிறது. உழைக்கும் வலிமை எஞ்சியிருக்கும் கோடிக்கணக்கான பெட்டிகள் இவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்டன.

நம் 2012-ஆம் ஆண்டுப் பெட்டியும் அவற்றுள் ஒன்று. அது சாகவில்லை. லினக்ஸ் என்னும் இலவச இயக்க மென்பொருளை ஏற்றினோம். அதற்கு ஒரு ஞாயிறு பிற்பகலும், கொஞ்சம் பொறுமையும் செலவாயின. அச்சுப்பொறியை ஒத்துழைக்கச் செய்ய இன்னொரு ஞாயிறும் செலவாயிற்று. இக்கட்டுரை அதில்தான் எழுதப்படுகிறது. சர்வரை நம்பிய மாக்சிக்கு இல்லாமற் போன அந்த வழி இதற்கு இருந்தது. வேறொன்றுமில்லை.

புதிது வாங்கியே தீர வேண்டியவர்க்கு இக்காலத்தில் ஓர் இடையூறும் சேர்ந்துள்ளது. செயற்கை அறிவுக்கான பெரும் சர்வர் கூடங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், 2025-இன் இறுதியில் அவற்றின் விலை ஏறிற்று. 'குரூசியல்' என்னும் பெயரில் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு நினைவகம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வாணிகத்தையே கைவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. நம் பொம்மைகளின் உயிரைத் தம் கையில் வைத்திருக்கும் அதே தொலைதூரச் சர்வர்கள், நம் மேசைக் கணிப்பொறியின் நினைவகத்தையும் கேட்கின்றன.

செத்துப் பிழைத்த கடிகாரம்

எல்லாம் இருள் அன்று. பெபிள் என்னும் கைக்கடிகாரத்தின் கதை நமக்கு மிகவும் பிடித்தமானது. 2012-இல் எரிக் மிகிகோவ்ஸ்கி என்னும் இளைஞர் அதற்கெனப் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டார். ஏறத்தாழ 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்தனர். கைப்பேசிக்கு வரும் செய்தியை மணிக்கட்டில் காட்டும். தாள் போன்ற திரையாதலால் வெயிலிலும் தெரியும். ஒருமுறை மின்னேற்றினால் ஒரு வாரம் ஓடும். 2016 டிசம்பரில் நிறுவனம் நொடித்து, பிட்பிட் என்பாரிடம் போயிற்று. 2018 ஜூன் 30-உடன் சர்வர் சேவையும் நின்றது.

ஜிபோவுக்கு நேர்ந்தது இதற்கும் நேர வேண்டும் அன்றோ? நேரவில்லை. அக்கடிகாரத்தை விரும்பிய தன்னார்வலர் சிலர் 'ரிபிள்' என்னும் பெயரில் ஒன்றுகூடி, நின்றுபோன சேவைகளைத் தாமே அமைத்து நடத்தினர். பிட்பிட்டைப் பின்னர் வாங்கிய கூகுள், 2025 சனவரியில் பெபிளின் மென்பொருள் மூலத்தை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. இரண்டு மாதங்களில் மிகிகோவ்ஸ்கி அதே மென்பொருளில் ஓடும் புதுக் கடிகாரங்களை அறிவித்தார். மணி காட்டும் வேலையைக் கடிகாரம் தானே செய்துகொண்டது; பிறர் புகுந்து பழுது பார்க்கவும் இடம் இருந்தது.

எனவே கடைக்குச் செல்லும் வாசகர்க்கு நாம் சொல்வது, திரை எத்துணை அங்குலம், கேமரா எத்துணை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னர், இணைய இணைப்பைத் துண்டித்தால் இக்கருவி என்னென்ன செய்யும் என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பாராயின், அங்கேயே துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ மாற்ற முடியுமா, பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டுவரை வரும் என்றும் கேளுங்கள். இவை அதிகப்பிரசங்கித்தனமான கேள்விகள் அல்ல. 2024 ஏப்ரல் முதல் பிரிட்டனில், இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று செய்வோர் அறிவித்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பின்னும் கைப்பேசியின் முதன்மை உறுப்புகளை ஏழாண்டுகள் கிடைக்கச் செய்ய வேண்டும். 2027 பிப்ரவரி 18-ஆம் நாளிலிருந்து, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். விலக்குகள் சில உண்டு. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கி, நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்களை அங்கே திரட்டியது. சட்டத்தின் கட்டாயம் அதற்கு இன்னும் போதாது என்பது நம் கருத்து.

மாக்சியின் கதையில் ஒரு சிறு பின்னுரை உண்டு. மூடப்படும் தறுவாயில் அந்நிறுவனத்தார் 'ஓப்பன் மாக்சி' என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டனர். பெற்றோர் அதனைத் தம் வீட்டுக் கணிப்பொறி ஒன்றில் நிறுவினால், தொலைதூரச் சர்வருக்கு மாற்றாக அந்தக் கணிப்பொறியே பொம்மையை நடத்தும். உரையாடலுக்குரிய மொழிச்சேவைக்கு மட்டும் பெற்றோர் தம் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கிக் கட்டணம் செலுத்த வேண்டும். எளிய வேலை அன்று. கணிப்பொறி அறிந்த அண்டை வீட்டாரின் துணை வேண்டும். செய்தவர் வீட்டில் பொம்மை மீண்டும் வாய் திறந்தது. ஆனால் நிறுவனம் இறுதியாக அனுப்பிய திருத்தத்தைப் பெற்றிருந்த பொம்மைகளுக்கே அவ்வழி திறந்தது. அறிவிப்பு வந்த அன்றே, பிள்ளை பார்த்து அழ வேண்டாம் என்று மின் இணைப்பைப் பிடுங்கிப் பொம்மையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்ட தாய்மாரின் வீடுகளுக்கு அத்திருத்தம் சென்று சேரவில்லை.